வீரலட்சுமி அக்கா மெதுவாகப் பாட ஆரம்பித்தபோது

மேடையில் கீபோர்டு வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பாட்டு பிடிக்காமல் போனால்தான் அவன் முகம் கூட்டத்துக்குத் தெரியும். என்னைப் போலக் கச்சேரிக் குழுவில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும்.

தேனிப் பக்கம் எங்கள் குழுவின் பாடகி வீரலட்சுமி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. முதல் ஆல்பம் முழுக்க ஆட்டப் பாட்டு. அக்கா வாயைத் திறந்தால் முன்வரிசையே எழுந்து ஆடும். நாலு வருஷம் கழித்து இரண்டாவது ஆல்பம் போட்டார். எல்லாம் மெதுவான பாட்டு. விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பற்றி அவரே எழுதியது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எத்தன நாளைக்குத்தான் தம்பி ஆட விட்டுக்கிட்டே இருக்கது? மனசுல இருக்கதையும் கொஞ்சம் பாடுவோம்."

தவிலுக்கு வேலையில்லை

வருசநாட்டில் ஒரு கோயில் விழா. புதுப் பாட்டில் தவிலுக்கு இடமே கிடையாது. எங்கள் தவில்காரர் கையைக் கட்டி உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டில் தூக்கத்தில் தலை தொங்கிவிட்டது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பதறிப்போய் மேடையேறி வந்து, என் காதில் கேட்டார்:

"அண்ணனுக்கு முடியலயா? ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லவா?"

ஆண்டிபட்டி வரவேற்பு

கல்யாண வரவேற்பு என்பதால் பழைய பாட்டே போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அக்கா ஒன்றே ஒன்று என்று புதுசை எடுத்தார். இரண்டாவது சரணத்தில் மணப்பெண் தேம்ப ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அவள் அம்மா, அம்மாவைப் பார்த்து மாமியார். போட்டோ எடுப்பவர் கேமராவை இறக்கிவிட்டார். பெண்ணின் அப்பா நேராக என்னிடம் வந்தார்; அக்காவிடம் கேட்கத் தைரியமில்லை போல.

"எம்மக நாளைக்கு மண்டபத்த விட்டுக் கெளம்பும்போது அழுக வேண்டியது, இன்னைக்கே அழுக வச்சுட்டீகளே!"

சுருளிப்பட்டி

அதற்குப் பிறகு கச்சேரிக்கு அழைப்பு குறைந்தது. கிடைத்த ஒரு கச்சேரி சுருளிப்பட்டிப் பொங்கல் விழா. வேனிலிருந்து இறங்கும்போது அக்கா, "இன்னைக்கும் எடுபடலன்னா பழசுக்கே போயிருவோம்" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது.

முன்வரிசையில் தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து அப்படியே வந்த பெண்கள், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாடினார். முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. அக்கா மைக்கைக் கீழே வைக்கப் போனபோது, ஒரு பெண் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"எங்க ஆளுக இன்னொரு ஜீப்புல வந்துக்கிட்டு இருக்காக. அவுக வந்ததும் இதையே மறுக்கா பாடு ஆத்தா."

பாடுகிறவர் பாணியை மாற்றினால் ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் வாசிக்கிறவனுக்கு மட்டும் அடுத்த பாட்டு வரைக்கும்தான் அவகாசம்.