மாமி திரும்பிப் போவார் என்பதற்குச் சான்று

எதிர்வீட்டு மார்த்தா ஊரில் இல்லை என்பதை அவருடைய அஞ்சல் பெட்டியில் செருகியிருந்த மஞ்சள் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மார்ச் மாதம் வரை தபால்களை நிறுத்தி வைக்கவும் என்று எழுதியிருந்தது. முந்தின நாள் மாலை, கட்டடத்தின் சலவை அறையில் என்னோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தவர் அவர். துணியை மடித்துக்கொண்டே “ஸீ யூ” என்றார். மறுநாள் காலை, எழுபது வயதில், தன்னந்தனியாகக் காரோட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போய்விட்டார். பனிக்காலம் முழுவதும் அங்கேதான் இருப்பார். ஒஹாயோவின் இந்தச் சிறு நகரத்துக்கு நானும் என் கணவரும் வந்து நான்கு வருடம் ஆகிறது. குளிர், சாலையின் வலப்பக்கம், உப்பில்லாத வெண்ணெய் எல்லாம் பழகிவிட்டன. இப்படிச் சொல்லாமல் கிளம்புவது மட்டும் பழகவில்லை.

என் கணவரின் ஊரான லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் ஜித்தாவுக்கோ துபாய்க்கோ கிளம்பினால் அது தெருவுக்கே வேலை. போகிறவர் வீடு வீடாக ஏறி ஸலாம் சொல்லி, “தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பண்ணியிருந்தா பொறுத்துக்கங்க” என்று கேட்க வேண்டும். “பொறுத்துட்டோம், நல்லபடியா போயிட்டு வாங்க” என்று வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். இரவல் வாங்கின குடையைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவைத்து, மனதில் எதுவும் மிச்சமில்லாமல் வண்டியேற வேண்டும். போகிறவருக்கு ஹயாத்து, அதாவது ஆயுள், எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? நான் வளர்ந்தது அரியலூரில், சிமெண்டு ஆலைக் குடியிருப்பில். மாற்றல் வந்தவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடுகிற இடம் அது. அதனால் கல்யாணமான புதிதில் இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இது ஒரு விசாவைக் கெடுக்கும் என்று மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

போன வருடம் நான் கர்ப்பமானேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம். என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே மவுத்தாகிவிட்டார். மாமியார் ஜுலைகா பீவிதான் தொலைபேசியில் முதலில் பேச்சை எடுத்தார். “ஒங்கம்மா இருந்தா செஞ்சிருக்கும். இப்ப நான் செய்யிறேன். அங்க வர்றதுக்கு என்ன வேணுமோ அத மட்டும் சொல்லு, நஸீமா” என்றார். கணவரை, இரண்டு மகன்களை, எத்தனையோ தம்பி முறைக்காரர்களை வளைகுடாவுக்கு வழியனுப்பியவர் மாமி. அவர் மட்டும் ஏர்வாடி தர்காவுக்கு அப்பால் போனதில்லை.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். விசாவுக்கும் அப்படியே செய்தேன். வருகிற ஒவ்வொருவரும் இங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று இந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று வருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே இருபத்தாறு காகிதங்கள், இரண்டு நிறத்தில் ஒட்டுச்சீட்டுகள். பச்சை ஒட்டியவை எங்களைப் பற்றியவை. மஞ்சள் ஒட்டியவை மாமி திரும்பிப் போவார் என்பதற்கான சான்றுகள். மஞ்சளில் முதல் காகிதம், மாமி பெயரில் இருந்த வீட்டின் பத்திர நகல். கடைசியாக மாவட்டத்தைப் பற்றி ஒரு விளக்கக் கடிதமும் வைத்தேன். ஏனென்றால் என் பிறப்புச் சான்றிதழில் அரியலூர் திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது, கல்லூரிச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது, 2001இல் ஒருமுறை தனி மாவட்டமாகிவிட்டு அடுத்த வருடமே மறுபடி பெரம்பலூருக்கே வந்துவிட்டது. நாங்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தோம், எங்களைச் சுற்றி மாவட்டங்கள்தான் மாறின என்று ஆங்கிலத்தில் பணிவாக எழுதியிருந்தேன். கோப்பு கூரியரில் ஊருக்குப் போனது. எனக்கு அப்போது ஏழாவது மாதம்.

நேர்முகம் முடிந்த அன்று, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் கொழுந்தன் ரியாஸ் அழைத்தான். அம்மாவைச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனவன் அவன்தான்.

“அண்ணி, நீங்க அனுப்புன ஃபைல அந்த ஆபீசர் தொறக்கவே இல்லியாம்.”

“என்ன கேட்டாங்களாம்?”

“என்னைய ரோட்டுலயே நிறுத்திட்டாங்க. அம்மாகிட்டயே கேளுங்க.”

மாமியின் குரலில் தோல்வியே இல்லை. “ரெண்டே கேள்விதான். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னு தமிழ்ல சொல்லுச்சு. யாரப் பாக்கப் போறீங்கன்னாங்க. மருமவளுக்குப் புள்ளப்பேறுன்னேன். ஊர்ல சொந்த வூடு இருக்கான்னாங்க. இருந்துச்சு, போன பொதங்கெழமதான் மகளுக்கு எழுதிக் குடுத்தேன்னேன்.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். “எதுக்கு மாமி எழுதிக் குடுத்தீங்க?”

“கேள்வியப் பாரு. கடல் தாண்டிப் போறவ வூட்ட மடியில கட்டிக்கிட்டா போவா? எனக்கு ஒண்ணு ஆயிட்டா பின்னாடி புள்ளைங்க அடிச்சிக்கக் கூடாதுல்ல. அதையும் அந்த ஆபீசரம்மாகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் முடிச்சிட்டேன், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எனக்கு இங்க ஒரு கொறையும் பாக்கி இல்லன்னு.”

“அதுக்கு?”

“நல்லாத்தான் சிரிச்சிச்சு. ஒரு சீட்டக் குடுத்துச்சு.”

சொந்த நாட்டோடு உறுதியான பிணைப்பு இருப்பதாக விண்ணப்பதாரர் நிரூபிக்கவில்லை என்று அந்தச் சீட்டில் அச்சடித்திருந்ததை ரியாஸ் எழுத்துக் கூட்டிப் படித்தான். என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறும் சரியாக இருந்தன. பத்திரத்தின் நகலை வையுங்கள் என்று எழுதியிருந்தேன். பத்திரத்தை அப்படியே வைத்திருங்கள் என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்று தோன்றாதது என் பிழை. அன்று முழுவதும் அலுவலகத்தில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

அந்த வாரம் மார்த்தாவிடம் சலவை அறையில் இதைச் சொன்னேன். அவர் துணியைக் கீழே வைத்தார். “வீட்டைக் கொடுத்துவிட்டாரா? எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டாரா? ஓ, ஹனி.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “டாக்டர்கள் எவ்வளவு காலம் என்று சொல்லியிருக்கிறார்கள்?” மாமிக்கு நோய் ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் பயணம் கிளம்புகிற முறை இதுதான் என்று நான் விளக்க விளக்க, அவர் முகம் இன்னும் கனிந்துகொண்டே போனது. மறுநாள் எங்கள் கதவில் வெள்ளைப் பூப்போட்ட ஆறுதல் அட்டை ஒன்று செருகியிருந்தது.

ஊரில் மாமியின் நிலைமைதான் மோசம். சென்னைக்குக் கிளம்பினதையே பயணமாக நினைத்து மொத்த ஊரிடமும் விடைபெற்றவர் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டார். அடுத்த வீட்டில் இருப்பவர் மாமியின் தங்கை மெஹராஜ். என் நாத்தனார் மும்தாஜின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட, பிரியாணியில் உப்பில்லை என்று சொன்னவர். அதிலிருந்து அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. பயணத்துக்காக மாமி அந்த வாசலிலும் ஏறி, பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்த அன்று, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெஹராஜ் கேட்டாராம்: “என்னக்கா, அமெரிக்கா அவ்வளவு கிட்டயா இருக்கு? காலையில போயி சாயங்காலம் வந்துட்டீங்க?” தெருவே சிரித்தது என்று மும்தாஜ் சொன்னாள். இரண்டு வாரம் மாமி வாசல்படி தாண்டவில்லை. ஒரு நிக்காஹுக்குக்கூடப் போகவில்லை.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வீட்டை மும்தாஜ் திருப்பி எழுதிக் கொடுத்தால் மஞ்சள் ஒட்டுச்சீட்டு மறுபடி உயிர்பெறும். மும்தாஜும் சரி என்றாள். மாமியிடம் சொன்னேன்.

“குடுத்த கைய நீட்டித் திருப்பி வாங்கச் சொல்றியா?”

“பேருக்குத்தான் மாமி. வந்துட்டுப் போனதும் மறுபடி குடுத்துருங்க.”

“பேருக்குக் குடுக்குறது, பேருக்கு வாங்குறது. அப்ப வூடு வூடா ஏறிப் பொறுத்துக்கங்கன்னு கேட்டது மட்டும் நெசமா?”

தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன.

டிசம்பரில் மகள் பிறந்தாள். மார்த்தா ஃப்ளோரிடாவில் இருந்தார், மாமி லப்பைக்குடிக்காட்டில். என் கணவருக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. நாற்பது நாளும் மாமி தொலைபேசியிலேயே பிள்ளைப்பேறு பார்த்தார். காதில் பஞ்சு வை, பூண்டை நெய்யில் வதக்கு, தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடு என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அழகான பட்டியல். செய்வதற்கு ஆள்தான் இல்லை. சாம்பிராணி போட்ட அன்று புகை எச்சரிக்கை மணி அடித்து, கட்டடம் முழுக்கப் பனியில் இறங்கி நின்றது. பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். கணவர் மாலை முறைக்கு மாறிக்கொண்டார். குழந்தையை வாகன நிறுத்துமிடத்தில் கை மாற்றிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமல் இரண்டு மாதம் ஓடியது. மாமி வந்தால்தான் நான் வேலையில் நிற்க முடியும் என்றாகிவிட்டது.

ஏப்ரலில் மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை மஞ்சளில் ஒரே காகிதம்: தாய் தன் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் இருக்கலாம் என்று மும்தாஜ் எழுதிய கடிதம். அதிகாரி என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பதினெட்டு கேள்விக்கு விடை எழுதி அனுப்பினேன். நேர்முகத்தன்று காலையில் தொலைபேசியைச் சமையலறை, படுக்கையறை, பால்கனி என்று கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தேன். மணி அடித்தபோது மாமிதான் பேசினார்.

“விசா குடுத்துட்டாரு. இந்தத் தடவ ஒரு சின்னப் பையன். தமிழ்ல வணக்கம்லாம் சொன்னாரு.”

“என்ன மாமி கேட்டாரு?”

“வூடு இல்ல, நெலம் இல்ல, எதுக்குத் திரும்பி வருவீங்கன்னு கேட்டாரு. நான் சொன்னேன்: தம்பி, போன தடவ ஊர்ல எல்லார்கிட்டயும் பொறுத்துக்கச் சொல்லிட்டு வந்தேன், நீங்க அனுப்பல. இந்தத் தடவ என் தங்கச்சிகிட்ட மட்டும் கேக்கல. அவ பேசுன பேச்சு இன்னும் நெஞ்சுல நிக்கிது. அத முடிக்காம எனக்கு மவுத்து வந்துரக் கூடாது. அதுக்காவது வந்துதான் ஆவணும்னேன்.”

“இதையா சொன்னீங்க?”

“நீ எழுதி அனுப்புனதெல்லாம் மறந்துபோச்சு. இதான் ஞாபகத்துல இருந்துச்சு. தங்கச்சி என்ன பேசுனாங்கன்னு அவரு கேட்டாரு. அதையும் சொன்னேன். கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே சிரிச்சாரு.”

எது வேலை செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு முறைக்கும் நடுவில் அதிகாரி மாறிவிட்டார், பேத்தி பிறந்துவிட்டாள், மும்தாஜின் கடிதம் சேர்ந்துவிட்டது. இத்தனை மாறினால் எதனால் என்று சொல்ல முடியாது என்பது என் தொழிலின் முதல் பாடம். மாமிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மே மாதம் வந்து இறங்கியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல், குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மகனைப் பார்த்து, “இவ அத்தா மூக்கு” என்றார்.

ஐந்து மாதம் இருந்தார். நான் வேலையில் நின்றேன். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறூட்டுவார். “இந்த ஊர்ல யாரு எப்பப் போறா, எப்ப வரான்னே தெரியலியே நஸீமா” என்பதுதான் அவருடைய ஒரே புகார்.

போன மாதம் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் மாடியில் எட்டு வீடுகள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனேன். என் மாமியார் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொல்கிறார் என்றதும், கடைசி வீட்டு இளைஞர் முகம் மாறி, “என் காருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?” என்று செருப்பில்லாமல் கீழே ஓடினார். மார்த்தா குழம்பிப்போனார். “அவர் எனக்கு எதுவுமே செய்யவில்லையே?”

“என்ன சொல்றாங்க?” என்றார் மாமி.

“நீங்க ஒண்ணுமே பண்ணலையாம்.”

“அது எனக்குத் தெரியாதா? பொறுத்துட்டேன்னு சொல்லச் சொல்லு.”

மார்த்தா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவர்போல நெஞ்சில் கைவைத்து, “ஐ ஃபர்கிவ் யூ” என்றார். மாமி நிம்மதியாக அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

விமான நிலையத்தில் என் முறை வந்தது. “பொறுத்துக்கம்மா” என்றார். “பொறுத்துட்டேன் மாமி” என்று சொன்னேன். பேச்சை மாற்றுவதற்காக, “போனதும் மெஹராஜ் சின்னம்மாகிட்டயும் கேட்டு முடிச்சிருவீங்கல்ல?” என்றேன்.

“என்ன அவசரம்? நீ இன்னொண்ணு பெத்துக்க மாட்டியா? அப்பவும் எதுக்குத் திரும்பி வருவீங்கன்னு கேப்பான்ல.”

பயணச் சீட்டு பார்த்த பெண், மாமியின் கடவுச்சீட்டில் பின் அடித்திருந்த சிறிய வெள்ளை அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். வந்தவர் போய்விட்டார் என்பதற்கு இந்த நாடு வைத்துக்கொள்ளும் கணக்கு அது. அந்தப் பக்கத்தில் இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சின. என் கடவுச்சீட்டில் அதே போன்ற அட்டை நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது. ஊரிலிருந்து நான் கிளம்பிய வாரம், “எல்லார் வூட்டுக்கும் போயி ஸலாம் சொல்லிட்டு வா” என்று மாமி சொன்னார். பெட்டி அடுக்குவதற்கு என் கையில் நீளமான பட்டியல் இருந்தது. “ரெண்டு வருஷத்துல வந்துருவோம் மாமி, எதுக்கு?” என்றேன். நாலைந்து வீட்டோடு நிறுத்திக்கொண்டேன். அரியலூரில் அதுவும் இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில், மார்த்தாவின் மஞ்சள் அட்டையைப் பார்த்த அன்று ஒரு பட்டியல் போட்டேன். அரியலூர் ஒரு பத்தி, லப்பைக்குடிக்காடு ஒரு பத்தி. நான் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்காமல் வந்தவர்களின் பெயர்கள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. மேலே மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒன்றை ஒட்டி, நான்காக மடித்து, கடவுச்சீட்டில் அந்த வெள்ளை அட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாதிப் பேருடைய தொலைபேசி எண்கள் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை அழைத்து நலம் விசாரிக்கிறேன், பிள்ளைகளின் படிப்பைக் கேட்கிறேன், மழையைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளச் சொல்லி மட்டும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும்.