'இன்னும் தெரியாது' என்று எழுதும் வகுப்பறை

எங்கள் கூடுவாஞ்சேரிப் பள்ளியில் வகுப்பறைகளை மாற்றப் போகிறார்கள். ஆளுயரத் தொடுதிரை மாட்டினால் போதும் என்கிறது நிர்வாகம். பாடம் நடத்தும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறு விதமாக மாற்றிய ஒரு பள்ளியைப் பார்க்க முந்தாநாள், வெள்ளிக்கிழமை, கிளம்பினேன்.

காலை ஏழு மணி மின்சார ரயிலில் செங்கல்பட்டு, பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். பஸ் ஒன்றேகால் மணி நேரம் உருட்டியது. பிறகு தெற்கே ஷேர் ஆட்டோ. பள்ளி மேட்டில் இருக்கிறது. மீனவர் குப்பம் கீழே, கடலை ஒட்டி.

எட்டாம் வகுப்பில் பெஞ்சு வரிசை கிடையாது. வட்ட மேசைகள், மேசைக்கொரு டேப்லெட். பலகையில் மூன்று கட்டங்கள்: உண்மை, பொய், இன்னும் தெரியாது. எந்தச் செய்தியானாலும் இரண்டு இடத்தில் விசாரித்த பிறகே முதல் இரண்டில் எழுதலாம் என்றார் ஆசிரியை கலா. நான் ஆசை ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு கேட்டில் சத்தம். கடல் ஊருக்குள் வரப்போகிறது என்று வாட்ஸப்பில் செய்தி சுற்றுகிறதாம். பெற்றோர் பைக்கில் வந்து குவிந்துவிட்டார்கள். பிள்ளைகள் டேப்லெட்டில் தேடினார்கள். அரசின் எச்சரிக்கைப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ரேவதி என்ற மாணவி, கரையிலிருக்கும் தன் மாமாவுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்.

அவள் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரியாதுன்னு எய்தறதுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலு? வா, வூட்டுக்குப் போலாம்."

அவள் நகரவில்லை. "வூடு கடலாண்டதானப்பா கீது. தெரியற வரைக்கும் மேட்டுலயே இருக்கலாம். அம்மாவையும் தம்பியையும் இங்க இட்டுகினு வா."

 அவர் தனியாக வண்டியைத் திருப்பினார். வேறு மூன்று பெற்றோர் கேட்கவில்லை. கலா கெஞ்சக் கெஞ்சப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கே இறங்கினார்கள்.

அரை மணி நேரத்தில் ரேவதியின் அப்பா குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம்தான் மாமா கூப்பிட்டார்: கடல் சும்மாத்தான் இருக்கிறது. சுற்றியது ஏதோ பழைய வீடியோ. ரேவதி அழித்துவிட்டுப் 'பொய்' என்று எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. மேசைகளைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். மதியம் வரையாவது உட்காருங்கள்.

கீழே போன அந்த மூன்று பிள்ளைகளும் நாளை வகுப்புக்கு வருவார்கள். செய்தி பொய்யாக இருந்ததால்தான் வருவார்கள்.