தீய்ந்த பாயசமும் திரும்பி வந்த மூக்கும்

முருகனுக்குப் படைத்த பாயசத்தை ஜனங்கள் துப்பினார்கள். அதைச் சமைத்தவன் நான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அடியார்களுக்கு முன்னால் கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது?

எழுபத்தாறாம் வருஷத் தைப்பூசம். இந்த வங்காளி ஊரில், லேக் கார்டன்ஸ் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பூஜை செய்யும் வாடகைக் கூடம். எனக்கு டாலிகஞ்சில் சின்ன டிபன் கடை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, கரண்டி பிடித்தே கற்றுக்கொண்டவன். ஆனால் பூசத்து நைவேத்தியம் மட்டும் வருஷா வருஷம் என் கைதான். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அது.

நைவேத்தியம் சமைப்பவன் ருசி பார்க்கக் கூடாது. சுவாமிக்கு முன்னால் மனுஷ நாக்கு படக் கூடாது. வாயில் துணி கட்டிக்கொண்டு, திரை போட்ட கொட்டகையில் ஒற்றை ஆளாக நின்று சமைக்க வேண்டும். பதத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், மூக்கால்தான்.

என் மூக்கோ எப்போதோ செத்திருந்தது. நாளைக்கு முப்பது சிகரெட்டு ஊதுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்குப் பால் அடிப்பிடித்துவிட்டது. நான் கந்தா கந்தா என்று கருகலை மேலே ஏற்றிக் கிண்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தீபாராதனை முடிந்து பிரசாதம் தொன்னைக்கு வந்த பிறகுதான் கூடம் முழுக்க "தூ, தூ" என்ற சத்தம்.

செயலாளர் வைத்தியநாதன் பாங்க் ஆபீசர். தொன்னையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஓய், சுவாமிக்குப் பாயசம் வெக்கச் சொன்னா சாம்பலைக் கரைச்சு வெச்சிருக்கீரே! உம்ம வாய் சுடுகாடாப் போச்சுன்னா முருகன் வாயும் போகணுமா? இனிமே கரண்டிப் பக்கம் வராதீர்."

நூறு பேர் பார்த்தார்கள். நேராக எங்கே போனேன் தெரியுமா? என் கடைக்கு எதிரே இருக்கும் ஹரியின் பான் கடைக்கு. அங்கே சிகரெட்டுப் பற்றவைக்க ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். பகல் பூராவும் அதன் நுனி கனன்றுகொண்டே இருக்கும். அதில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பற்றவைத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவன், அது கடித்தால் மடியைத்தானே இன்னும் இறுக்குவான்!

வீட்டில் என் மனைவி மங்களம் சும்மா விடுவாளா?

"நான் அப்பமே சொன்னேம்லா? இப்பம் ஊரே துப்பிட்டு. உங்க சட்டைய முக்குனா தண்ணி டீத்தண்ணியா மாறுது. நெஞ்சு என்ன கதியில கெடக்கோ!"

கோபத்தில் பூஜை அலமாரியைத் திறந்து கற்பூரத்தை எடுத்து மூக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அதுவும் இல்லை. அப்போதுதான் பயம் வந்தது. மூக்குள்ளவரை சளி என்பார்கள். எனக்குச் சளி இருந்தது, மூக்குத்தான் இல்லை. அடுப்படியில் நிற்பவனுக்கு மூக்கு போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

அன்றைக்கு நான் செய்த பிரார்த்தனை பக்திப் பிரார்த்தனை இல்லை, சண்டை. "உன் சோற்றைத்தானே ஆக்கினேன்? அத்தனை பேரையும் என் பாயசத்தைத் துப்ப வைத்தாயே! இந்தச் சனியனை நீ பிடுங்கு. இல்லையென்றால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்."

அன்றே சிகரெட்டை விட்டேன். மூன்றாம் நாள் சட்னி கேட்டவர்மேல் சீறினேன். கரண்டியைச் சுவரில் எறிந்தேன். "இதுக்கு நீங்க ஊதிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள் மங்களம். பதினோராம் நாள் கால் தானாக எதிர்ப்பக்கம் போயிற்று. ஹரி பல்லைக் காட்டினான்.

"கொதோதின், பிள்ளை-தா?"

எத்தனை நாள் ஆச்சு, பிள்ளை அண்ணா என்று வங்காளியில் கேட்கிறான். பதினொன்று என்றேன். கயிற்றைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினான், கொலைகாரன்.

மறுபடி ஆவணியில் விட்டேன். துர்கா பூஜைக் கூட்டத்தில் யாரோ ஒன்றை நீட்டினார்கள். இருபத்தாறு நாள் ஒரு இழுப்பில் போயிற்று. இந்தத் தடவை மங்களம் திட்டவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

முருகன் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. "என்னால் முடியவில்லை அப்பா" என்று மட்டும் சொன்னேன். இடி இடிக்கவில்லை, மயில் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தீயைக் குறைத்தேன். அடங்கியது.

அதுதான் எனக்குக் கிடைத்த பதில். ஆசையும் பால் மாதிரிதான். பொங்கும்போது உலகத்தையே மூடிவிடும்போல வரும். பக்கத்தில் நின்று தீயைக் குறைத்தால் அடங்கிவிடும். அன்றிலிருந்து ஆசை கிளம்பினால் வாயில் ஒரு கிராம்பு, மனசுக்குள் சரவணபவ. அடங்கும்வரை இடத்தைவிட்டு அசைவதில்லை. நாளை எண்ணுவதையும் விட்டேன். எண்ணினால்தானே உடைப்பதற்கு ஒன்று இருக்கும்!

மார்கழியில் ஒரு காலை. ஹரியின் கடையைத் தாண்டி நடக்கிறேன். நாறுகிறது! நார் கருகும் நாற்றம், அடிப்பிடித்த பாயசத்தின் நாற்றம். பதினொரு மாதத்துக்குப் பிறகு கந்தன் என் மூக்கைத் திருப்பிக் கொடுத்தான், முதல் வாசனையாக அதைத்தான் கொடுத்தான். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"கொதோதின்?" என்றான் ஹரி, பெட்டியைத் திறந்தபடி.

"தெரியாதுப்பா. உன் கயிறு நாறுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தைப்பூசம் வந்தது. எனக்கு அழைப்பில்லை. அழைக்காவிட்டால் சாமி கும்பிடக் கூடாதா? போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சமையலுக்கு வேறு ஆள். எல்லாரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் லேசாக ஒரு வாசனை தட்டிற்று. பால் அடிப்பிடிக்கப் போகிறது. இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்கப் போகிறது.

திரைக்குள் இன்னொருவன் போகக் கூடாது. துண்டை வாயில் கட்டிக்கொண்டு போனேன். "அடியைச் சுரண்டாத!" என்று அந்த ஆளின் கையைப் பிடித்து, மேற்பாலை மட்டும் வேறு உருளிக்கு மாற்றினேன். வெளியே வந்தால் எதிரே வைத்தியநாதன்.

"யாரைக் கேட்டு உள்ளே போனீர்? உமக்கு வெக்கமே கிடையாதா, ஓய்?"

"உண்டு சார். போன வருஷமே நீங்க நெறையக் குடுத்துட்டீங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீபாராதனை முடிந்தது. தொன்னைகள் போயின. யாரும் துப்பவில்லை. பந்தியின் கடைசியில் ஒரு கை இரண்டாம் தரம் தொன்னையை நீட்டியது. வைத்தியநாதனின் கை. என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்த வருஷம் நீரே பண்ணிடும்."

அதற்குப் பிறகு ஒரு பூசமும் நான் தவறவிட்டதில்லை. ஆசை இன்றைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். வரட்டும், பால் வைத்தவன் அடுப்பைவிட்டு நகரலாமா?

இதை வாசிக்கிறவர்களில் யாராவது பதினோராம் நாளிலோ இருபத்தாறாம் நாளிலோ விழுந்து கிடக்கலாம். அவரிடம் சொல்கிறேன். நல்ல வார்த்தை வராவிட்டால் முருகனைத் திட்டியாவது கூப்பிடுங்கள். என்னைப்போல் கரண்டியை எறிந்துவிட்டுக் கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேட்கும். விழுந்தது எத்தனை தரம் என்று ஹரி எண்ணுவான், முருகன் எண்ணமாட்டான்.