அம்மாவின் சந்தேகமும் லகுனாவின் தண்ணீரும்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினரும் நண்பர்களும், அம்மா எவரையும் புன்னகையோடு வரவேற்றவர், எல்லோரையும் நம்பியவர் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கக்கூடும். அப்படி எழுதினால் அம்மாவே அதை நம்பமாட்டார். ஆகவே அவரோடு பழகியவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறேன். எங்கள் அம்மா ஒரு சந்தேகக்காரர்.

சிட்னியில் எங்கள் செவன் ஹில்ஸ் வீட்டில் வாசல் மணி அடித்தால், முதலில் யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார். தொலைபேசியில் யாராவது இலவசமாக ஏதோ தருகிறோம் என்றால், "ஏன் தாறியள்?" என்று கேட்பார். கோயில் அன்னதானத்தில் வரிசை நீண்டிருந்தால், "இவ்வளவு சனம் வருமெண்டு தெரிஞ்சும் ஏன் ஒரு பானை வைச்சவை? மற்றப் பானை எங்கை?" என்று எனது காதுக்குள் கேட்பார். பல தடவைகளில் மற்றப் பானை உண்மையிலேயே எங்கோ இருந்தது.

அம்மா பிறந்தது சாவகச்சேரிக்குப் பக்கத்தில். அவர் சிறுமியாக இருந்தபோதே தந்தையாரை இழந்தார். பக்கத்துக் காணி உறவினர் ஒருவர், வேலி அடைக்கும் ஒவ்வொரு வருடமும் கதியால் தடிகளைச் சற்று இவர்கள் காணிக்குள் தள்ளி நட்டுவிடுவாராம். கேட்டால் சிரிப்பாராம். கைம்பெண்ணான தாய்க்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. அதனால் வேலி அடைக்கும் நாளில் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பது மகளான அம்மாவின் வேலையாயிற்று. "சிரிச்சுக்கொண்டு வாறவனைத்தான் கூடப் பார்க்கவேணும்" என்று பிற்காலத்தில் எங்களுக்குச் சொல்வார்.

அப்பாவைத் திருமணம் செய்து நானும் தம்பியும் பிறந்த பிறகு, நாட்டு நிலைமை மோசமானது. இயந்திரப் பொறியாளரான அப்பாவுக்குப் பிலிப்பைன்ஸில் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. மணிலாவுக்குத் தெற்கே, பெரிய ஏரியொன்றின் கரையில் உள்ள லகுனா மாகாணத்தில் குடியேறினோம். எங்கள் வீடு ஒரு குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. பின்மதிலுக்கு அப்பால் ஓர் ஓடை, அதற்கப்பால் வயல். குசினிக் குழாயைத் திறந்தால் வாளி அதிரத் தண்ணீர் விழும்.

பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு வயல் காணாமற் போனது. லொறிகள் மண் கொண்டுவந்து கொட்டின. அந்த மண்ணின்மேல் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலை தேடி வேறு தீவுகளிலிருந்து சனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் தம்பிமாரை அழைத்தார்கள், தம்பிமார் மனைவிமாரை அழைத்தார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தன. கார் நிறுத்தும் இடம் கடையாகியது, கடைக்கு மேலே ஓர் அறை முளைத்தது. எனது பாடசாலையில் பிள்ளைகளுக்கு இடம் போதாமல் காலையில் பாதிப்பேருக்கும் மாலையில் பாதிப்பேருக்கும் வகுப்பு வைத்தார்கள். ஓடைக் கரையில் பலகையும் தகரமும் கொண்ட குடிசைகள் ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக மெலிந்தது.

அம்மாவின் சந்தேகம் அடுத்த வீட்டு நேனா அன்ரியின் மேல் விழுந்தது. நேனா அன்ரி அந்த ஊரிலேயே பிறந்தவர். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகளை வைத்தே அங்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அம்மா கணித்துவிடுவார்.

"இஞ்சேருங்கோ, உந்த நீலச் சேட்டு போன மாதம் இல்லை. புதுசா ஓராள் வந்திட்டான்" என்பார் அப்பாவிடம்.

"வந்தா வரட்டுமன். அவையின்ரை வீடு."

"வீடு அவையின்ரை. தண்ணி? சின்னக் குழந்தைக்குத் துணி காயுது. அந்த வீட்டிலை சின்னக் குழந்தை இல்லை. அப்ப ஆரின்ரை துணி?"

அம்மா சில வாரங்கள் பார்த்தார். நேனா அன்ரியின் பின்முற்றத்தில் ஓரிடத்து மண் மட்டும் எப்போதும் ஈரமாக இருப்பதைக் கண்டுகொண்டார். அப்பா தடுத்தும் கேளாமல், நீர் வழங்கும் அலுவலகத்துக்குத் தானே போய் முறையிட்டார்.

வேலையாட்கள் வந்து தோண்டினார்கள். அம்மாவின் சந்தேகம் சரியாகவே இருந்தது. நேனா அன்ரியின் குழாயிலிருந்து ஒரு கறுப்பு இறப்பர்க் குழாய் பிரிந்து, மதிலுக்கடியால் ஓடைக் கரைக் குடிசைகளுக்குப் போயிருந்தது. அதை வெட்டி அடைத்துவிட்டுப் போனார்கள். தெரு முழுவதும் நின்று பார்த்தது.

நேனா அன்ரி மறுக்கவில்லை. மதிலருகே வந்து நின்று அம்மாவைப் பார்த்தார். இருவரும் அந்நாட்டு மொழியான தகாலோகில் பேசியதை எனக்கு நினைவுள்ளபடி தமிழில் தருகிறேன்.

"அங்கே இருப்பது எனது அக்காவின் பிள்ளைகள், மிஸிஸ். லெய்ட்டே தீவிலிருந்து வந்தவர்கள். ஒருத்திக்கு இப்போதுதான் குழந்தை பிறந்தது."

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார் அம்மா.

"கேட்டிருந்தால் சம்மதித்திருப்பீர்களா?"

அம்மா உள்ளே வந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகக் குசினிக் குழாயைத் திறந்தார். நூல் நூலாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பின்மதிலுக்கு அப்பால் பெண்கள் வாளிகளோடு எங்கோ தூரத்துக்குப் போய்வருவது தெரிந்தது. அம்மா அன்று சமைத்ததை மேசையில் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் கதிரையில் இருந்தார்.

"கள்ளனைப் பிடிச்சாச்சு. பிறகேன் தண்ணி வரேல்லை?" என்று கேட்டார்.

"சனம் கூடிப்போச்சு. குழாய் பழசு" என்றார் அப்பா.

"அது எல்லாரும் சொல்லுறது" என்றார் அம்மா.

அன்று பின்னேரமே எங்கள் குழாயில் நீண்ட இறப்பர்க் குழாயை மாட்டி மதிலுக்கு மேலால் ஓடைப் பக்கம் விட்டார். இதைக் கேட்டு அம்மா திடீரென்று மனம் மாறிவிட்டார் என்று எவரும் எண்ணவேண்டாம். கதிரையைக் கொண்டுபோய் மதிலருகே போட்டு, அதன்மேல் ஏறி நின்று, யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். "நீ இப்பத்தானே வந்தாய்? அது உன்ரை வாளியா, அவளின்ரை வாளியா?" என்று தமிழும் தகாலோகும் கலந்து அதட்டினார். பொய் சொல்கிறார்களா என்று அறிவதற்காகவே ஒவ்வொருவரின் பெயரையும், யாருக்கு யார் உறவு என்பதையும் விசாரித்தார். சில வாரங்களில் அந்தக் கரையில் யார் யாருடைய பிள்ளை என்பது நேனா அன்ரியை விட அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நேனா அன்ரி இதையெல்லாம் தன் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குடையோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். அம்மா வழக்கம்போல் யன்னலால் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.

"மிஸிஸ், உங்களைப்போல் சந்தேகப்படும் ஆளை நான் கண்டதில்லை. அந்தச் சந்தேகத்தை எனது முற்றத்தில் மட்டும் வீணாக்குகிறீர்கள். வாருங்கள் என்னோடு."

அவர்கள் இருவரும் அன்று பெருங்குழாய் வரும் பாதையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தார்கள். நடந்ததை இருவரும் பிற்பாடு பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். யாருடைய யோசனை என்பதில் மட்டும் இருவர் கதையும் ஒத்துப்போகாது. மேட்டில், கரும்புத் தோட்டமாக இருந்த இடத்தில், உயர்ந்த மதிலும் காவலாளியும் உள்ள புதிய குடியிருப்பு ஒன்று எழுந்திருந்தது. வீடுகள் கட்டி முடிந்து, வாங்குவோருக்காகக் காத்திருந்தன. கொடும் வெயில் காலத்தில் அங்கே புல் பச்சைப் பசேலென்று இருந்தது.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, தன் கணவர் நூற்பாலைப் பொறியாளர் என்றும், வீடு பார்க்க வந்திருப்பதாகவும் காவலாளியிடம் சொன்னார். நேனா அன்ரியைக் காட்டி, "இவர் எனது வேலைக்காரி" என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காக நேனா அன்ரி அம்மாவைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மாதிரி வீட்டைத் திறந்து காட்டினார்கள். அம்மா வரவேற்பறையைப் பார்க்கவில்லை, நேரே குசினிக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து தொட்டியில் மோதி அம்மாவின் சேலையை நெஞ்சுவரை நனைத்தது. காவலாளி ஓடிவந்து மூடினாராம். நேனா அன்ரி சிரித்த சிரிப்பு வெளிவாசல்வரை கேட்டிருக்கும்.

நனைந்த சேலையோடேயே இருவரும் நீர் அலுவலகத்துக்குப் போனார்கள். போகும் வழியில் எங்கள் தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினாராம். "மிஸிஸ், நாளுக்கு நாள் ஆட்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் உறவினர் வந்து குவிகிறார்கள். குழாய் என்ன செய்யும்?"

அது பொய்யில்லை. அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

"மேலே உள்ள வீடுகளில் இன்னும் ஒருவரும் குடிவரவில்லை. வராத ஆட்களுக்காக அங்கே தண்ணீர் காத்து நிற்கிறது. வந்திருக்கும் எங்களுக்கு ஏன் இல்லை?"

அதிகாரி மேட்டுப் பக்கம் தண்ணீரைத் திருப்பும் வால்வைச் சரிபார்ப்பதாகச் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. சரிபார்க்கும்போது தானும் கூட நிற்பேன் என்றார், நின்றார். அதன் பிறகு எங்கள் தெருவுக்குக் காலையில் சில மணி நேரம் ஒழுங்காகத் தண்ணீர் வந்தது. பெருவெற்றி என்று சொல்லமாட்டேன். சனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். இரண்டு வருடங்களுக்குள் அதுவும் மெலிந்தது. ஆனால் அதற்குப்பின் அம்மா எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நேனா அன்ரி கூடப் போனார். நேனா அன்ரி எங்கு போனாலும், அவர் எதற்குப் போகிறார் என்று அறிய அம்மா கூடப் போனார்.

நூற்பாலை மூடப்பட்டபோது நாங்கள் சிட்னிக்கு வந்தோம். அப்பா செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தார். எங்களைப் படிக்கவைத்தார். நான் திருமணமாகிக் குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு கட்டியபோது, கட்டுநர் காட்டிய ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார். அயலிலிருந்த ஒரு வீட்டை இடித்து அதே காணியில் இரட்டை வீடு எழுப்ப வந்தவர்களிடம், "இதுக்கும் பழைய குழாய்தானோ?" என்று கேட்டு அவர்களைத் திணறவைத்தார்.

இதய நோயால் அம்மா தளர்ந்த இறுதி மாதங்களில், வீட்டுக்கு வந்து உதவிய பராமரிப்பாளர் மேரிசெல் லகுனாவைச் சேர்ந்தவர். அம்மா முதல் நாள் முழுவதும் அவரைத் தகாலோகில் கேள்வி கேட்டுச் சோதித்தார். எங்கள் பழைய ஊரில் இப்போது வயலே இல்லை, ஏரிக் கரைவரை வீடுகள்தான் என்று மேரிசெல் சொன்னபோது, "பொய் சொல்லுறாள்" என்றார் என்னிடம்.

எனது மகள் தன் தொலைபேசியில் அந்த ஊரை வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். "Look, அம்மம்மா, it's all roofs." அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கூரைக்குப் பக்கத்தில் கூரை.

"இவ்வளவு பேருக்கும் ஆர் தண்ணி குடுக்கினம்?" என்றார். சில நாட்களின் பின், வைத்தியசாலையில், அப்பா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் பிரிந்தார்.

நேனா அன்ரிக்குச் செய்தி சொல்ல நான்தான் அழைத்தேன். அவர் நம்பவில்லை. "இப்போதெல்லாம் இப்படித்தான் அழைத்து யாரோ செத்துவிட்டார்கள் என்கிறார்கள். நீ யார்? உண்மையில் அவருடைய மகளா?" என்று அதட்டினார். நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அப்பா எனது கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். பல வருடங்களாக நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டிராத தகாலோகில் மெதுவாகப் பேசினார். இறுதிக் கிரியைகள் முழுவதும் கண் கலங்காமல் இருந்த அப்பா, மறுமுனையில் நேனா அன்ரி அழத் தொடங்கியதும் தானும் அழுதார். இருவரும் நெடுநேரம் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தார்கள்.

அம்மாவின் நோய்க்காலத்தில் துணைநின்ற வைத்தியர்கள், தாதியர், பொறுமையின் வடிவான மேரிசெல், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், கிரியைகளை நடத்தித்தந்த குருக்கள், தொலைவிலிருந்து வந்தும் அழைத்தும் எங்களைத் தாங்கிய உறவுகள் அனைவருக்கும் அப்பாவும் தம்பியும் நானும் எங்கள் பிள்ளைகளும் நெஞ்சார்ந்த நன்றி கூறுகிறோம்.

லகுனாவில் அதே வீட்டில், மேலே இரண்டு மாடி கட்டி, பேரப்பிள்ளைகள் சூழ வாழும் நேனா அன்ரிக்கும் எங்கள் நன்றி. இக்கட்டுரையைத் தொலைபேசியில் அவருக்கு மொழிபெயர்த்து வாசித்தேன். முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"தமிழிலும் இதையேதானா எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்.