மே மாதத்தில் ஹீட்டர் போட்டவள்

தங்கையின் நிக்காஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது என் கார் கொதிக்க ஆரம்பித்தது. முடிச்சூர் வீட்டிலிருந்து கேளம்பாக்கம் மண்டபத்துக்கு மணப்பெண்ணை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன் என்று ஆறு மாதமாகத் தம்பட்டம் அடித்திருந்தேன். அவளும் "அக்கா வண்டில வருவேன், இல்லாட்டி பஸ்ல வருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என் சம்பளத்தில் வாங்கிய பழைய கார் அது. எங்கள் மாமாவுக்கு அதைக் கண்டாலே இளக்காரம்.

"என் வண்டில கூட்டிட்டுப் போறேம்மா. கல்யாணப் பொண்ண நடுரோட்டுல நிறுத்தி வெக்காதே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரேடியேட்டரே தேவலை.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. குழாய் கசிகிறதா என்று சோதிக்கும் பிரிவு. நாள் முழுக்க ஓட்டை தேடுகிற எனக்கு என் வண்டியின் ஓட்டை தெரியவில்லை. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் பச்சை கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போனது. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பானெட்டைத் திறந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஹெட் கேஸ்கெட் பூட்ச்சுக்கா. தண்ணி இன்ஜின் உள்ள போய் எரியுது. இன்ஜின எறக்கி ஏத்த பத்து நாளு ஆவும்."

"அப்ப சைலன்ஸர்ல வெள்ளைப் புகை வரணுமே, எங்க வருது? ஆயில் பால் மாதிரி கலங்கியிருக்கணும். ஆயில் குச்சிய எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். ஆயில் சுத்தமாக இருந்தது. "சரிக்கா, அப்ப தண்ணி எங்கதான் போவுது? நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார். குறைந்த கூலன்ட்டை நிரப்பிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தேன்.

மறுநாள் தாம்பரத்தில் தங்கைக்குத் தைத்த துணிகளை வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பும்போது, பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டினோம். வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்தேன். இன்னும் ஏறியது. அவசரத்துக்கு ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று கம்பெனியில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. மே மாதத்து மதியம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? கல்யாணத்துக்குள்ள என்னை இட்லி மாதிரி அவிச்சுடுவ போல!"

முள் மெல்ல இறங்கியது. ஆனால் முன் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஆவி படிந்தது. பக்கத்தில் பைக்கில் நின்றவர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊட்டிக்கா போறீங்க?" என்றார். வண்டிக்குள் இனிப்பாக ஒரு வாசனை வேறு.

"மறுபடியும் ஏசி தண்ணி காலுக்கடியில வந்துடுச்சுக்கா. செருப்பு வழுக்குது" என்றாள் தங்கை.

ஏசி தண்ணீர் வழுக்காதே! ஓரமாக நிறுத்தி, அவள் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கித் தடவினேன். விரலெல்லாம் பச்சை. ஒரு மாதமாக ஏசி தண்ணீர் என்று நினைத்து அந்த ஈரத்தைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஹீட்டருக்கென்று டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. அதுதான் கசிந்திருக்கிறது. சென்னைக்காரி எவளுக்குத் தன் காரில் ஹீட்டர் இருப்பது நினைவிருக்கும்? வேர்த்து ஊற்ற ஊற்ற இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "நம்மூர்ல அத்த எவன் போடறான்? மாத்தணும்னா டாஷ்போர்ட மொத்தமா கயட்டணும். அதுக்குப் போற ஓஸ் பைப்பையும் வர்ற ஓஸ் பைப்பையும் ஒண்ணா சேத்து வுட்டா மேட்டர் ஓவர்."

சேர்ப்பதற்கான குழாயை நானே பொறுக்கி எடுத்தேன். அந்த விஷயத்தில் நான் யாரையும் நம்ப மாட்டேன். ஆறிய இன்ஜினில் புது கூலன்ட் ஊற்றி, மூடி போடாமல் ஓடவிட்டு, உள்ளிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறுவதை நானும் மெக்கானிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழ் நின்றதும் கைதட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று அம்மாவும் மற்றவர்களும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பின் சீட்டில் உட்காரச் சொன்னால் கேட்காமல் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் எங்கே நிற்பேன் என்று பார்த்தபடி மாமா தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். வண்டலூர் தாண்டியும் முள் நடுவில் அசையாமல் நின்றது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

கேளம்பாக்கம் நெருங்கும்போது அவள், "அக்கா, கொஞ்சம் ஓரமா நிறுத்தேன்" என்றாள்.

"ஏன்டி? முள் சரியாத்தானே இருக்கு?"

"தெரியும். சும்மா நிறுத்து."

நிறுத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா இறங்கி ஓடி வந்தார். "என்னாச்சு? கொதிச்சிடுச்சா?"

நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா மாமா. கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா!" அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி. எதிர்க்கடையில் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சாலையைக் கடந்து போனார். இரண்டு பாட்டிலோடு அவர் திரும்பி வருவதற்குள், என் தோளில் சாய்ந்து, கண் மை கலையாமல் அவள் அழுது முடித்தாள்.