கழற்றாத மோதிரம்

தோழிகளே,

இன்று காலை ஒன்பது மணிக்கு, என் வெள்ளி மோதிரத்தைக் கழற்றுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதான தீர்மானம். கூட்டத்தில் இருந்தது நான் மட்டும்.

மோதிரம் நானே செய்தது. ஓசூர் ஆசாரியிடம் போய்க் கேட்டபோது, "பொம்பளைங்களுக்குக் கத்துத் தர்றதில்லம்மா" என்று சொல்லிவிட்டார். அதனால் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயைக் கரியடுப்பில் காய்ச்சித் தட்டினேன். பள்ளிக்கூட ரூல்தடியில் வளைத்து, வெங்காரப் பொடி தூவி இரு முனைகளையும் பற்றவைத்தேன். ராஜா மூன்று முறை விரிசல் விட்டார். நான்காம் முறை மோதிரமாகப் பணிந்தார்.

ஒரு தவறு செய்துவிட்டேன். விரலை நூலால் அளந்தது மார்கழி விடியற்காலையில். ஓசூர்க் குளிரில் விரல் சுருங்கியிருக்கும் என்று தோன்றவில்லை. வெயில் ஏறியதும் மோதிரம் இறுகிவிட்டது.

மத்தியானம் தேன்கனிக்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அண்ணன் விளக்கெண்ணெயோடு வந்தார்.

"கழட்டிரும்மா. யாரு போட்டதுன்னு கேப்பாங்க."

கழலவில்லை. நானும் பெரிதாக முயலவில்லை.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா முதலில் அதைத்தான் கேட்டார்.

"நானே செஞ்சதுங்க" என்றேன்.

"ஆசாரி வேலையா! கல்யாணத்துக்கப்பறம் உட்டுருவயில்ல, கண்ணு?"

"உட மாட்டேனுங்க. அடுத்து வளையல் செய்யப் போறேன்."

மாப்பிள்ளை கேசரியை ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது அண்ணனின் கட்சி. உங்கள் கட்சி எது என்று ஆளுக்கொரு கார்டு போடுங்கள்.

அவர்கள் தாம்பூலம் எடுத்துக்கொள்ளாமல் மூன்றரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.