வெள்ளிமலைக்குப் பால் குடிக்கப் போன குட்டி

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை கல்வராயன் மலைக்குப் போய்வந்தேன். எல்லாரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஒரு நாய்க்குட்டிக்குத் தாய்ப்பால் தேடிப் போனேன்.

எலவனாசூர்கோட்டையில் என் வீடு. வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். மகள் ஓசூரில். மாடுகளையும் விற்றபிறகு நான் கேலி செய்யக்கூட வீட்டில் ஆள் இல்லை. அதனால் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் ஆறாயிரம் ரூபாய்க்கு மஞ்சள் நிற லேப்ரடார் குட்டி வாங்கினேன். நாற்பத்தைந்து நாள் குட்டி என்றார் கடைக்காரர். மூன்றாம் நாளே பால் குடிக்காமல் துவண்டது.

கால்நடை டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லே சரியா மொளைக்கல. இருபத்தஞ்சு நாள் இருந்தா ஜாஸ்தி. தாயப் பாத்து வாங்கினீங்களாம்மா?"

இருபது வருடம் மாடு வைத்திருந்தவள் நான். தாயின் மடியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு கன்றுக்கும் முன்பணம் கொடுத்ததில்லை. அந்தக் கடையிலோ ஏசி, கண்ணாடிப் பெட்டி, உள்ளே கிழித்துப் போட்ட காகிதத்தின் மேல் குட்டி. பொம்மை வாங்குகிற மாதிரி வாங்கிவந்துவிட்டேன்.

டாக்டர் ஊசி போட்டு, பால் பவுடரும் பாட்டிலும் எழுதிக் கொடுத்தார். தாயிடம் பால் இருந்தால் அதுதான் நல்லது என்றும் சொன்னார். குட்டி பாட்டிலைத் தொடவே இல்லை. கடைக்காரரிடம் போய்த் தாய் எங்கே என்று கேட்டேன். மழுப்பினார்.

"சொல்லலைன்னா இங்கயே வாசல்ல ஒக்காந்துக்கினு, வர்றவங்களுக்கெல்லாம் இந்தக் குட்டியோட வயச சொல்லுவேன். எனக்கு வூட்ல ஒரு வேலையும் இல்லீங்க."

வெள்ளிமலையைத் தாண்டி நாய் வளர்க்கிற ஒரு கொட்டாய் என்று வழி சொல்லிவிட்டார்.

காலை 7.10க்குக் கள்ளக்குறிச்சியில் பேருந்து. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டியதும் வளைவு வளைவாக ஏற்றம்.

"ஒனக்கு டிக்கெட் கெடையாது. நாய்க்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"இதுவும் பொம்பளதான்பா."

பேருந்தே சிரித்தது. அவரும் விட்டுவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவரவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குட்டி மூச்சு விடுகிறதா என்று அதன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன்.

9.05க்கு வெள்ளிமலை. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். "நாய்க் கொட்டாயா? இன்னாக்கா, வாங்கிக்கினு போறவங்களதான் பாத்திருக்கேன். திருப்பி எடுத்துக்கினு வர்ற மொத ஆளு நீதான்" என்றார் ஓட்டுநர்.

"பொறந்த வூட்டுக்கு அனுப்பறேன்பா. சீர்வரிசை பத்தல."

தகரக் கூரைக்கு அடியில் பதினொரு கூண்டு. தரையும் கம்பிதான். நின்று நின்று நாய்களின் விரல்கள் விரிந்துபோயிருந்தன. முதலாளி ஊரில் இல்லை. காவலுக்கு இருந்தவர் ஒரு கூண்டைக் காட்டினார். மஞ்சள் நாய், இடது காது கிழிந்தது, கம்பிமேல் ஒரு பழைய சாக்கில் படுத்திருந்தது. கதவைத் திறந்தும் அது வெளியே வரவில்லை.

"வராதுங்க. மண்ணுல நடந்து பழக்கமில்ல" என்றார்.

கையை விட்டு மடியைத் தொட்டேன். வற்றியிருந்தது.

"குட்டிய சீக்கிரம் எடுத்துட்டா அடுத்த ஈத்துக்கு வந்துடும்னு மொதலாளி சொல்வாருங்க. இதுவரைக்கும் ஆறு ஈத்து குட்டி போட்டிருக்குங்க."

வந்ததுக்கு இருக்கட்டும் என்று குட்டியை உள்ளே விட்டேன். தாய் அதைத் தலையிலிருந்து வால்வரை நக்கியது. குட்டி காம்பைத் தேடிப் பிடித்து வெறுமனே சப்பியது. சப்பும்போதே பாட்டில் ரப்பரை வாயோரம் நுழைத்தேன். குடித்தது! பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை குடித்தது. இரண்டரை மணிவரை கூண்டு ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தாயையும் கொடுங்கள் என்று முதலாளியிடம் போனில் கேட்டேன். "இன்னும் ரெண்டு ஈத்து எடுக்கலாம்மா. குட்டிய வேணா விட்டுட்டுப் போங்க, வேற தரேன்" என்றார். விட்டால் அது மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போகும். விடாவிட்டால் தாயிடமிருந்து இரண்டாம் தடவை பிரிப்பவள் நான்.

எடுக்கத்தான் எடுத்தேன். நான் கை நீட்டியதுமே தாய் தானாக எழுந்து, மூலைக்குப் போய்ப் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கத்தவில்லை. பழகியிருக்கிறது. காவல்காரர் என்ன நினைத்தாரோ, அது படுத்திருந்த சாக்கை உருவி என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சாக்கு வாசனையில்தான் குட்டி பாட்டில் குடித்துப் பிழைத்தது. இப்போது மூன்று மாதம். அந்தக் கொட்டாயைப் பற்றிக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன், ரசீது இருக்கிறது. குட்டி என் காலடியில் தூங்கும்போது அந்தத் தாயின் நினைவு வரும், அதைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மதியமே குளிர்கிறது. திரும்ப 3.20 பேருந்தை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம். அந்தக் கொட்டாய்க்குத் திரும்பப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீங்கள் போனால், குட்டி வாங்கவேண்டாம். இடது காது கிழிந்த மஞ்சள் நாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். காவல்காரர் உள்ளே விட்டால் கம்பிக்குள் கையை விட்டு அதைத் தடவிக்கொடுங்கள். கடிக்காது.